பதினான்காம் வினா

ஜூன் 4, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக மோட்டாரைப் போட்டேன். ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. குழாயில் காற்று நின்றுவிட்டது போலிருக்கிறது. அதற்குள் கோயிலில் முதல் மணி. தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்துக் குளித்துவிட்டுப் பூசைக்கு ஓடினேன்.

பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. இந்த வருடம் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகள் பதினேழு பேர். கேள்வி கேட்கக் கேட்க ஒரே ராகத்தில் பதில் சொன்னார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், பதிலுந்தான் புத்தகத்துலயே போட்டிருக்கே, பெறகு எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வெளியே வரும்போது ஃபாதர் இன்னாசி பிடித்துக்கொண்டார்.

"தெக்லா டீச்சர், கோயில் பவள விழா மலருக்கு நீங்க ஒண்ணு எழுதணும். பக்தியா வேணாம், அதுக்கு நெறைய ஆள் இருக்கு. ஞானோபதேசம்னு சொல்றோமே, அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு, அத எழுதுங்க. நீங்க எம்.ஏ. வரலாறு."

"எழுதுறேன் ஃபாதர். எம்பேரு மட்டும் வேணாம்."

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

ஜூன் 9, வெள்ளி

பள்ளி திறக்க இன்னும் மூன்று நாள். கட்டுரை பாதி ஆகிவிட்டது.

ஞானோபதேசத்துக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள், மேலிருந்து கீழே ஒலிப்பது. ஒருவர் உரக்கச் சொல்வார், கேட்டவர் அந்த ஒலியைத் திருப்புவார். ஆரம்பத்தில் அது புத்தகம் இல்லை, கேள்வியும் இல்லை. வாய் சொல்வதைக் காது வாங்குவது, அவ்வளவுதான். ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் அதிலிருந்துதான் பெயர் வந்தது. அவர்களைப் பூசையின் பாதியிலேயே வெளியே அனுப்பிவிடுவார்களாம். கேள்வியும் பதிலுமாக அச்சடித்த சிறு புத்தகத்துக்கு அந்தச் சொல் பெயரானது வெகு காலம் கழித்து. போர்த்துக்கீசியர் காலத்தில் தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்றும் அந்த வடிவில்தான் இருந்தது. ஞானம், உபதேசம் இரண்டும் நம் கோயிலில் பிறந்த சொற்கள் அல்ல. மடங்களில் புழங்கியவற்றை எடுத்து ஒட்டிக்கொண்டோம். பிற்பாடு பூசை திருப்பலி ஆனது, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது, ஞானோபதேசம் மறைக்கல்வி ஆனது. அப்பா கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை.

அப்பா எங்கள் கீழத்தெருவுக்கு உபதேசியார். அந்தக் காலத்தில் சாமியார் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கேட்பது, சாவு ஊர்வலத்தில் சிலுவைக்குப் பின்னால் நடப்பது எல்லாம் அப்பாதான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்துக் கேட்பார். தடுமாறினால் திருமணத்தை அறிவிக்கும் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்க மாட்டார். மீசை வைத்த மாப்பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அண்ணன் வியாகுலத்துக்கும் எனக்கும் கேள்வி. "நீ கிறிஸ்தவனா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆம் என்று மட்டும் சொன்னால் போதாது, யாருடைய கிருபையால் என்றும் சொல்ல வேண்டும். அண்ணன் எப்போதும் என்னைவிட வேகமாகச் சொல்வான்.

இதையெல்லாம் கட்டுரையில் எழுதவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

மலர் வந்துவிட்டது. கட்டுரைக்கு மேலே என் படம். கீழே கட்டம் கட்டி:

"மரிய தெக்லா (மு. தமயந்தி, எம்.ஏ., பி.எட்.), அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. மறைந்த உபதேசியார் சவரிமுத்துவின் மகள். இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் பங்கில் மறைக்கல்வி போதித்து வருகிறார்."

ஃபாதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொன்னா வேணாம்பீங்க. அதான் சொல்லாமப் போட்டேன்."

அவர் கடற்கரை ஊர்க்காரர். அங்கே கோயிலிலும் ஒரே பெயர், தாலுகா ஆபீசிலும் ஒரே பெயர். கீழத்தெருவில் அப்படி இல்லை. எங்கள் சாதியில் இந்து என்று எழுதினால் பட்டியல் சாதி. கிறிஸ்தவர் என்று எழுதினால் பிற்படுத்தப்பட்டோர். தெரு ஒன்றுதான், சாதியும் ஒன்றுதான். கோயிலுக்குள் எங்களுக்கென்று இருந்த ஓரமும் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஓடுகிற சுவரும் எந்தச் சான்றிதழையும் பார்த்து எழுந்தவை அல்ல. ஆகவே பாதித் தெருவுக்கு இரண்டு பெயர். பூசைக்கு ஒன்று, ரேஷன் கார்டுக்கு ஒன்று. எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதாமல் இருப்பதுதான் வழக்கம்.

அண்ணன் ஒரு பிரதி வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என்னோடு பேசவில்லை. லோடு ஆட்டோவுக்கு அவசரம் இருந்திருக்கும்.

ஜூலை 3, திங்கள்

பள்ளியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மூன்றாம் பீரியட் நடக்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டார். பதிவுத் தபால். மாவட்ட விழிப்புக் குழுவிலிருந்து. என் சாதிச் சான்றின் மெய்த்தன்மை பற்றிப் புகார் வந்திருக்கிறதாம். செப்டம்பர் 12 காலை பதினொரு மணிக்கு ஆவணங்களோடு நேரில் வர வேண்டும்.

தலைமையாசிரியர் வாசித்துவிட்டு, "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்றார். இதற்கு முன் அவர் எனக்கு டீ வாங்கித் தந்ததில்லை.

திரும்பிப் போய் எட்டாம் வகுப்புக்கு நிலவரி முறைகளை முடித்தேன்.

சான்று ரத்தானால் வேலை போகும், ஓய்வூதியம் போகும். அது என்னோடு போகட்டும். என் மகள் ரேணு என் சான்றை வைத்துத்தான் சான்று வாங்கினாள். அதை வைத்துத்தான் நர்சிங் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம். அப்பா இல்லாத பிள்ளை.

போனில் சொன்னேன். "அம்மா, பரலோகத்துல ஒனக்கு எந்தப் பேர்ல எடம் போட்டிருக்காங்கன்னு மொதல்ல கேட்டு வை" என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வக்கீல் சுந்தரமூர்த்தியைப் பார்த்தேன். மலரைப் புரட்டினார், கட்டுரையைக்கூட வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். எழுதாம இருந்திருக்கலாம்."

பிறகு நோட்டை எடுத்தார். "கோயில் பதிவேட்டுல ஞானஸ்நானம் எந்தப் பேர்ல இருக்கு?"

"மரிய தெக்லா."

"தமயந்திங்கிற பேரு அதுல எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"பொறவென்ன, பொழைச்சோம். நான் கேள்வி பதிலா எழுதித் தாரேன். அவங்க என்னென்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். வரி மாறாம மனப்பாடம் பண்ணிருங்க. சொந்தமா ஒரு வார்த்தை சேக்கக் கூடாது. அங்க அழுறது, வெளக்கம் சொல்றது, ரெண்டும் ஆகாது."

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வக்கீல் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஃபாதர் இன்னாசியே வந்தார், பைக்கைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு.

"எனக்குத் தெரியாது டீச்சர். சத்தியமாத் தெரியாது."

"உங்களத் தப்பு சொல்லல ஃபாதர்."

"பதிவேட்டைக் கிழிக்க என்னால முடியாது. ஆனா கேட்டு வந்தா, ஆயரைக் கேக்கணும்னு சொல்லி நாளக் கடத்துவேன்."

காப்பி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு சிஸ்டர் எடுக்கிறாராம், பிள்ளைகள் என்னைத்தான் கேட்கிறார்களாம். ஃபாதருக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 19, சனி

வக்கீலிடமிருந்து இரண்டு தாள்கள் வந்தன.

ஒன்று புகாரின் நகல். கையால் எழுதியது. 'உண்மை விரும்பி' என்று முடித்திருக்கிறது. வக்கீலுக்கே ஆச்சரியம். "இத்தன வருசத்துல இப்பிடி ஒரு மனுவப் பாத்ததில்ல டீச்சர்" என்றார்.

"வினா: தமயந்தி என்பவர் யார்? விடை: உபதேசியார் சவரிமுத்துவின் மகள் மரிய தெக்லா. வினா: இவர் ஞானஸ்நானம் பெற்றாரா? விடை: பெற்றார், பிறந்த இருபதாம் நாள். வினா: இவர் கணவர் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்? விடை: கல்லறைத் தோட்டத்தில், சுவருக்குக் கிழக்கே."

பதினோரு வினா. மலரிலிருந்து கட்டுரையைக் கிழித்து இணைத்திருக்கிறது. எழுதியது யாரோ கோயில் காரியம் அறிந்தவர். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் அப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள். கையெழுத்தை நான் உற்றுப் பார்க்கவில்லை. நகல் அவ்வளவு தெளிவாகவும் இல்லை.

மற்றது வக்கீலின் கேள்வி பதில், மொத்தம் முப்பத்திரண்டு. பதினான்காவது:

வினா: மரிய தெக்லா என்பவர் யார்?
விடை: என் அக்கா. மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டார். அவர் நினைவாக அந்தப் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பதினாறு வரை வந்துவிட்டது. துணி துவைக்கும்போது சொன்னால் சீக்கிரம் பதிகிறது.

ஆகஸ்ட் 24, வியாழன்

வருவாய் ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் கூடத்திலிருந்த இருதய ஆண்டவர் படத்தை இறக்கிச் சேலையில் சுற்றி பீரோவுக்குள் வைத்தேன். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் பளிச்சென்று நின்றது. காலண்டரை மாட்டினேன். போதவில்லை, நான்கு பக்கமும் எட்டிப்பார்த்தது. கடைசியில் பீரோவையே நகர்த்திவைத்தேன். ஒற்றை ஆளாக. இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆய்வாளர் வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். போகும்போது, "பீரோவ ஜன்னல மறச்சு வச்சிருக்கீங்களே, காத்து வராதே" என்றார்.

ஆகஸ்ட் 26, சனி

அண்ணன் வந்தான். வாசலிலேயே நின்றான். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன புள்ள, பாடமா?"

"ஆமா. முப்பத்திரண்டு."

"அப்பாகூட இருபதுக்கு மேல ஒரு நாளும் கேட்டதில்ல." உள்ளே வந்து உட்கார்ந்தான். "என்னையும் வரச் சொல்லி ஓலை வந்திருக்கு. கூடப் பொறந்தவன் எப்பிடிக் கிறிஸ்தவன், நீ எப்பிடி இந்துன்னு கேப்பாங்களாம்."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"தெக்லா, நான் கேக்குறேன், நீ சொல்லு. என்னயப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அப்பா என்ன சொன்னாரு?"

"கிறிஸ்தவன்னாரு."

"பெருமையாச் சொன்னாரு. ஆறாவதுல ஹாஸ்டல்ல எடம் இல்ல, உதவித்தொகை இல்ல. அதுக்கு ரெண்டு வருசங் கழிச்சு ஒன்னச் சேக்கும்போது?"

"இந்துன்னாரு."

"வாய் கூசாமச் சொன்னாரு. பேரும் மாத்தி, தாம்பேரையும் வெறும் முத்துன்னு சுருக்கிச் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன், கையப் புடிச்சிக்கிட்டு. அன்னிக்குச் சாயங்காலம் விளக்கு வச்சதும் அதே மனுசன் ஒன்னயப் பாத்து, நீ கிறிஸ்தவளான்னு கேட்டாரு. நீயும் டாண்ணு சொன்ன." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எம்மவன் லியோ நாலு மார்க்ல காலேஜ் எடத்த விட்டான். ரேணு அவனவிடப் பதினோரு மார்க் கம்மி. ஒரே தெரு, ஒரே ரத்தம். இதுக்கு எந்தப் புஸ்தகத்துல பதில் போட்டிருக்கு?"

"ரேணு என்ன பண்ணா அண்ணே?"

"அவ ஒண்ணும் பண்ணல. லியோவும் ஒண்ணும் பண்ணல."

வெங்காயம் தீர்ந்துவிட்டது. நான் தோலைக் கூட்டி அள்ளினேன். அவன் வாசல் வரை போய்த் திரும்பி நின்றான்.

"வாபஸ் வாங்க முடியாதாம். கேட்டுப் பாத்தேன்."

புகாரின் கையெழுத்தை நான் நகல் வந்த அன்றைக்கே பார்த்தேன். 'ஞா'வின் கால் கீழ்வரியைத் தொடும். அப்பா எழுத்தும் அப்படித்தான், என் எழுத்தும் அப்படித்தான்.

செப்டம்பர் 2, சனி

அடுத்த வாரம் விழிப்புக் குழுவிலிருந்து கல்லறைத் தோட்டத்தைப் படம் எடுக்க வருகிறார்களாம். "வீட்டுக்காரர் கல்லறையில சிலுவை இருக்கா?" என்றார் வக்கீல். இருக்கிறது. சிமெண்டுச் சிலுவை. ஆறு வருடமாக ஒவ்வொரு நவம்பரும் நான்தான் வெள்ளையடிக்கிறேன்.

பள்ளி முடிந்து போனேன். பையில் சுத்தியல். பெயர்ப்பலகையில் பாக்கியநாதன் என்று மட்டும் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. சுத்தியலை எடுத்தேன். முதல் அடி சத்தம் மட்டுமே போட்டது. இரண்டாவது அடிக்கு என் கை எழவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன். வக்கீல் அவனுக்கும் சொல்லியிருக்கிறார் போல. கடப்பாரையோடு வந்தான். என்னை நகரச் சொல்லவில்லை, தானாக நகர்ந்தேன். முதலில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அடியில் கொடுத்து நெம்பினான். முழுசாக வந்துவிட்டது. சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினான்.

"ரேணு கேட்டா பன்னி இடிச்சிருச்சுன்னு சொல்லு."

"நம்புவாளா?"

"நம்ப மாட்டா. ஆனா அதுக்கு மேல கேக்க மாட்டா."

செப்டம்பர் 11, திங்கள்

ரேணு போனில் கேட்க, முப்பத்திரண்டும் சொன்னேன். பதினான்காவதில் ஒரு முறை நின்றேன். "அக்கான்னு சொல்லும்மா. அக்கா" என்றாள். இரண்டாம் முறை நிற்கவில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

நீல நூல்சேலை. நெற்றியில் திருநீறு வைக்கச் சொன்னார் வக்கீல். வைத்தேன்.

பெண் அதிகாரி. என் வயதுதான் இருக்கும். சளி பிடித்திருந்தது, அடிக்கடி கைக்குட்டையை எடுத்தார். கேள்விகள் வரிசை மாறி வந்தன. ஆனாலும் மலரில் போட்ட இருபத்திரண்டு ஆண்டு உட்பட எல்லாம் தாளில் இருந்தவைதான். நான் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

"இந்த மரிய தெக்லா யாரு?"

"என் அக்கா. மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டார்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "அடடா" என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார். தாளில் இல்லாதது அது ஒன்றுதான். என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க கிறிஸ்தவரா?"

"ஆமாங்கம்மா."

"உங்க தங்கச்சி?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இல்லீங்க. எங்க வீட்டுல இப்ப நான் மட்டுந்தான் வேதத்துல இருக்கேன். அவ எங்க கோயில் வாசப்படிய மிதிச்சதில்ல."

"மரிய தெக்லா?"

"செத்துப்போச்சு. நாந்தான் தூக்கிட்டுப் போனேன், குழிக்கு. சின்னப் பெட்டி."

இது யாரும் எழுதிக்கொடுக்காதது. அவனாகச் சேர்த்தான். வக்கீல் வெளியே வந்து, "ஒங்கண்ணன் அடிச்சாரு பாருங்க" என்றார். படிக்கட்டில் அண்ணனைத் தேடினேன். போய்விட்டிருந்தான்.

செப்டம்பர் 17, ஞாயிறு

புதுநன்மை. மணி அடித்தது, பாட்டுச் சத்தம் கேட்டது. மாவு அரைத்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. சான்று மெய்யானது. புகார் தள்ளுபடி. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "மரிய தெக்லா என்பவர் சான்றுதாரரின் காலஞ்சென்ற சகோதரி என்பது சாட்சிகளால் ஐயமற நிறுவப்பட்டது."

ரேணு போனில் கத்தினாள். பக்கத்திலிருந்த பிள்ளைகளும் கத்தினார்கள். தலைமையாசிரியர் பள்ளிக்கே இனிப்பு வாங்கிவிட்டார்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். சாயங்காலம் தெருவே மெழுகுவர்த்தியும் பூவுமாகத் தோட்டத்துக்குப் போனது. நான் விடைத்தாள் திருத்தினேன். ஏழு மணிவாக்கில் அண்ணன் மகன் லியோ வந்து வாசலில் நின்று, "அத்தை, மாமா கல்லறையில ரெண்டு திரி ஏத்தியாச்சுன்னு அப்பா சொல்லச் சொன்னாரு" என்றான். உள்ளே வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான். அவன் இப்போது அப்பாவோடு லோடு வண்டியில் போகிறான்.

இதுவரை எனக்கு ஓர் ஆசை இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கிறது, எனக்கென்று கோயிலில் சொல்லி வைத்திருந்தேன். இன்றைக்கு விடைத்தாள் கட்டை மூடிவைத்துவிட்டு அதைப் பற்றி யோசித்தேன்.

நான் போன பிறகும் ரேணு வேலைக்குப் போவாள், பதவி உயர்வு வரும், யாருக்காவது பொறுக்காது. தோண்டுவார்கள். என்னைப் புதைத்தால் ஒரு கல் வைப்பார்கள். கல்லில் ஒரு பெயர் எழுத வேண்டிவரும். தமயந்தி என்று எழுதினால், அவள் ஏன் இந்தத் தோட்டத்தில் கிடக்கிறாள் என்று கேட்பார்கள். தெக்லா என்று எழுதினால், மூன்று வயதில் செத்தவளுக்கு ஏன் ஆறடிக் குழி என்று கேட்பார்கள். இரண்டுக்கும் ரேணுதான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் எரித்துவிட வேண்டும். மின்மயானத்தில், சத்தமில்லாமல், செபமில்லாமல். சாம்பலைக்கூட வாங்கிவைக்க வேண்டாம்.

எழுதிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் படத்தைச் சுற்றிய அந்தச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ரேணுவிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. எப்போது சொல்வது என்றும் தெரியவில்லை.